எழுபது வினாடியும் என் கட்டைவிரலும்

1

இந்தக் கதை ஒரு டயர் கடையில் நான் தோற்றுப்போன வாக்குவாதத்திலிருந்து பிறந்தது. யாராவது பின்னால் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் சொல்லிவிடுவது எனக்குக் கௌரவம்.

என் பெயர் ரவிக்குமார். காரைக்குடியில் இருந்துகொண்டு ஒரு மாத இதழுக்கு ஆறு வருடமாகக் கார்களைப் பற்றி எழுதுகிறேன். போன ஆவணியில் 'ஸ்போர்ட்ஸ் காரை வேகமாக ஆக்குவது எது?' என்று இரண்டு பக்கம் எழுதினேன். குதிரைத்திறனை எடையால் வகுங்கள், வருகிற எண்தான் வேகம், மற்றதெல்லாம் விளம்பரம் என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நானே நாலைந்து முறை படித்து ரசித்தேன்.

அடுத்த வாரம் சக்கர அலைன்மென்ட் பார்க்கக் கழனிவாசலில் இருக்கும் சுமையாவின் டயர் கடைக்குப் போனேன். கடை அவளுடைய அத்தா (அப்பாவைத்தான் அப்படிச் சொல்வாள்) அமீர் ஹம்சாவின் பெயரில் இருக்கிறது. அவர் மலேசியாவில். கடையை நடத்துவது இவள்தான். சுவரில் என் இரண்டு பக்கமும் ஒட்டப்பட்டிருந்தன. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'அப்ப டயர் எதுக்கு?' என்று எழுதியிருந்தது.

"யாரு எழுதினது இது?" என்று ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டேன். கட்டுரைக்கு மேலேயே என் புகைப்படம் இருந்தது.

"நீங்கதான் சார்" என்றாள் சுமையா. "நல்லாத்தான் எழுதியிருக்கீக. வண்டி வானத்துல ஓடுற மாதிரி எழுதியிருக்கீக."

நான் அரைமணி நேரம் வாதாடினேன். அவள் என் காரின் நான்கு சக்கரத்தையும் சரிசெய்துகொண்டே பதில் சொன்னாள். அதில் ஒரு பதில்கூட எனக்குச் சாதகமாக இல்லை.

2

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) செம்மண் புழுதியைக் கிழித்துக்கொண்டு அந்தச் சிவப்புக் கார்—

(நிறுத்திவிட்டேன். கார் ஓடியது சிமென்ட் தளத்தில். எங்கள் ஊர் என்றாலே புழுதியைக் கிளப்பிவிடும் பழக்கம் என் பேனாவுக்கும் உண்டு.)

ஆ) வேகம் என்பது கடந்த தூரத்தை எடுத்துக்கொண்ட நேரத்தால்—

(நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தாகிவிட்டது.)

இ) சாலா அன்றைக்கு அழுதார்.

(அன்றைக்குக் கார் ஓட்டிய சாலாவே இதைப் படித்துவிட்டு, "நான் எங்க அழுதேன்?" என்று கேட்டார். அழவில்லைதான். அழுதிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.)

மூன்றையும் நான் அடித்துவிட்டாலும் இங்கே விட்டுவைத்திருக்கிறேன். இந்தக் கதையில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் சின்னப் பொய்களை எப்படி அடிப்பேன் என்று நீங்கள் பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

3

சாலாவுக்கு முப்பத்தாறு வயது. தங்கள் பெரிய வீட்டின் முன்பகுதியை வெளியூர்ப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்துகிறார். அவருடைய அப்பச்சி முத்துக்கருப்பன் (நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள்) 2014-இல் சிவப்பு நிறத்தில் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். முந்நூற்றைம்பது குதிரைத்திறன். அதை அவர் குன்றக்குடிக்கும் திரும்ப வீட்டுக்கும் ஓட்டினார். அதற்கு மேல் அவருக்கு வேகமும் வேண்டியிருக்கவில்லை, தூரமும் வேண்டியிருக்கவில்லை.

அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டியைச் சாலா பெயருக்கு மாற்ற அண்ணன் மெய்யநாதனின் கையெழுத்து வேண்டும். மெய்யநாதன் சென்னையில் இருக்கிறார். வண்டியைப் பெங்களூரில் பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட நினைத்தார். அங்கே கண்ணாடிக் கூடத்தில் நிற்கும், யாரும் ஓட்டமாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் நடுவில் நிபுணர் என்ற பெயரில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

"அப்பச்சி ஓட்டுனதே பயந்து பயந்து" என்றார் மெய்யநாதன். "இது வீட்டுல நின்னா ஒருநாள் இவ எடுத்துட்டுப் போவா. எங்கயாச்சும் விழுந்து கெடந்தா நான் என்ன செய்வேன்?"

"எனக்கு ஓட்டத் தெரியும்ணே."

"மார்க்கெட்டுக்குப் போற வண்டி ஓட்டத் தெரியும், ஆத்தா. இது வேற."

மானகிரிக்குப் பக்கத்தில் மூடிக்கிடக்கும் ஒரு நூற்பாலையின் பெரிய சிமென்ட் முற்றத்தில், எங்கள் ஊர்க் கார்ப் பிரியர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோன்களை (பிளாஸ்டிக் கூம்புகளை) வைத்து வளைந்து வளைந்து ஓட்டுவார்கள். ஒவ்வொருவராக, நேரம் பார்த்து. மெய்யநாதன் என் பக்கம் திரும்பினார்.

"அங்குட்டு ஒரு சுத்து, இந்த வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகணும்? ஓட்டத் தெரிஞ்ச ஆளு ஓட்டுனா?"

குதிரைத்திறனை எடையால் வகுத்தேன். நான் என் கட்டுரையை நம்புகிறவன். "எழுபது வினாடி. கண்ணை மூடிக்கொண்டு வரும்" என்றேன்.

"சரி. எழுபதுக்குள்ள வந்துரு ஆத்தா, நான் கையெழுத்து போடுறேன். வரலையின்னா மறுநாளே வண்டி பெங்களூரு போகும்."

"சம்மதம்" என்றார் சாலா. அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த எழுபது என் வாயிலிருந்து வந்தது என்பதைத் தயவுசெய்து மறக்காதீர்கள், நானும் மறக்கவில்லை.

4

கார்த்திகையில் இரண்டு ஞாயிறு பேசிக்கொண்டோம். முதல் ஞாயிறு பழகுவதற்கு, இரண்டாவது மெய்யநாதன் முன்னிலையில்.

எங்கள் பக்கத்து வீடுகளில் சாமான் அறை என்று ஒன்று உண்டு. கல்யாணச் சீராக வந்த பாத்திரங்கள் டஜன் டஜனாக, முப்பது வருடம் கழித்தும் அடுப்பைக் காணாமல் அங்கே இருக்கும். எடுத்துத் துடைத்தால் நேற்று வாங்கியதுபோல மின்னும். முத்துக்கருப்பன் அந்த வழக்கப்படியே காரோடு இன்னொரு செட் டயரும் வாங்கி, வேட்டித் துணி சுற்றி, எவர்சில்வர் அண்டாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருந்தார். சாலா அதை வெளியே எடுத்தார்.

"அப்பச்சி வாங்கி வச்சது. ஒரு நாளும் ஓடல. புத்தம் புதுசு" என்று சுமையாவின் கடைக்குக் கொண்டுவந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. டயரின் மேல் புது ரப்பருக்கே உரிய சின்ன முடிகள்கூட உதிராமல் இருந்தன. நான் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்து "பிரமாதம்" என்றேன். சுமையா மாட்டிக் கொடுத்தாள்.

(இந்த இடத்தில் சுமையா என்ற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லாம் தெரிந்தவளாக இருக்கிறாளே, வாசகர் நம்புவாரா? "மாட்டுறப்ப நானும்தான் சார் ஏமாந்தேன். முடியைப் பாத்துப் புதுசுன்னு நெனச்சுட்டேன். அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். சந்தேகம் தீர்ந்தது.)

ஞாயிறு காலை சாலா நான்கு சுற்று ஓட்டினார். நல்ல சுற்று எழுபத்தாறு வினாடி. ஒவ்வொரு வளைவிலும் கார் திரும்ப மறுத்து நேராக நழுவியது. கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு நின்றது. முந்நூற்றைம்பது குதிரையும் புகையாகப் போய்க்கொண்டிருந்தன.

அப்புறம் சுமையா தன் பத்து வருடப் பழைய வெள்ளை ஹேட்ச்பேக்கை எடுத்தாள். அதன் சக்தி இதில் கால்பங்குகூட இல்லை. ஹெல்மெட்டை முக்காட்டின் மேல் மாட்டிக்கொண்டு போனாள், எழுபத்து மூன்றில் வந்து நின்றாள்.

நான்தான் முதலில் இருமினேன்.

சுமையா சிவப்புக் காரின் முன்னால் மண்டிபோட்டு டயரில் நகத்தை அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைத் துடைத்துப் படித்தாள்.

"ஒண்ணு ஒன்பது, ஒண்ணு நாலு. ரெண்டாயிரத்துப் பதினாலு, பத்தொன்பதாவது வாரம். பொறந்து பதினோரு வருசம் ஆச்சுக்கா. ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும். இது அண்டா இல்ல."

சாலா குனிந்து அந்த எண்ணைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு வருத்தம்தான். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஒரு வாரத்துல வேற வருமா?"

5

இனி கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், சம்பளம் வாங்கும் தொழில் அது.

எவ்வளவு பெரிய கார் என்றாலும் தரையைத் தொடுவது நான்கு இடம்தான். ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. இன்ஜின் என்ன செய்ய நினைத்தாலும், பிரேக் என்ன நினைத்தாலும், ஸ்டியரிங் என்ன நினைத்தாலும் அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் செய்ய வேண்டும். அவை பிடிக்கவில்லை என்றால் குதிரைகள் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

அடுத்தது, எடை எவ்வளவு என்பதைவிட அது எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது. பிரேக் மிதித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, முன்டயர் நன்றாகக் கடிக்கிறது, அப்போது திருப்பினால் திரும்பும். பிரேக்கை வெடுக்கென்று விட்டுவிட்டால் பாரம் பின்னால் போய்விடும், வண்டி நேராகப் போகும். இதை எல்லாம் நான் ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்ததுபோலச் சொல்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை சுமையா சாலாவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பின்னால் நின்று கேட்டது.*

"அக்கா, வேகமாப் போறதப் பத்தி நெனைக்காதீக. எங்க நிறுத்தணும்னு மட்டும் நெனைங்க. பிரேக்கு நல்லாப் புடிச்சா, மிதிக்கிற இடத்த வளைவு கிட்டத் தள்ளிக்கிரலாம். தள்ளுன தூரம் பூராவும் லாபம்."

"கோனு பக்கத்துல வந்தா பயமா இருக்கு."

"கோனைப் பாத்தா கோனு மேலதான் போவீக. அதுக்கு அடுத்த கோனைப் பாருங்க. கை தானாத் திரும்பும்."

இருக்கையை இரண்டு விரல் முன்னால் தள்ளினாள். சக்கரங்களின் சாய்மானத்தைத் தன் கடை மெஷினில் மாற்றினாள். வியாழக்கிழமை மதுரையிலிருந்து அந்த அளவு டயர் நான்கும் பஸ் பார்சலில் வந்தன. முதல் வேலையாகப் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைச் சாலா படித்தார். ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மாட்டியதும் சுமையா சாலாவை ஒக்கூர் வரை போய்த் திரும்பச் சொன்னாள். புது டயரின் மேல் ஒரு வழுக்கல் இருக்குமாம், ஓடித்தான் போகுமாம்.

ஒரு குதிரைகூடக் கூடவில்லை, ஒரு கிலோகூடக் குறையவில்லை. சனிக்கிழமை நூற்பாலை முற்றத்தில் சாலா எழுபது புள்ளி ஒன்பதில் வந்தார்.

ஆறு நாளில் ஐந்து வினாடிக்கு மேல். என் கட்டுரை அன்றைக்குத்தான் செத்தது. நான் கைதட்டினேன்.

*அடிக்குறிப்பு: இறக்கைபோலப் பின்னால் இருக்கிறதே, அது காற்றால் வண்டியைத் தரையில் அழுத்தத்தானே என்று நான் சுமையாவிடம் கேட்டேன். "அம்பது அறுபதுல அதுக்கு ஒரு வேலையும் இல்ல சார், துணி காயப்போடலாம்" என்றாள்.

6

இரண்டாவது ஞாயிறு.

மெய்யநாதன் சென்னையிலிருந்து வந்திருந்தார். கையில் படிவம், சட்டைப்பையில் பேனா. சாலா மூன்று முறை ஓட்டலாம் என்று பேச்சு. முதல் முறை ஒரு கோனைத் தட்டிவிட்டார், அது செல்லாது. இரண்டாவது எழுபது புள்ளி நான்கு.

மூன்றாவதுக்கு முன்னால் நேரம் பார்க்கும் கருவி மக்கர் செய்தது. கோட்டின் ஒரு பக்கம் இருந்து மறு பக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும், கார் அதை வெட்டினால் நேரம் நிற்கும். ஒன்பது மணி வெயில் நேராக அந்தக் கருவியின் கண்ணில் விழுந்தது. நிழல் வரும்வரை காத்திருந்தால் டயர் ஆறிவிடும் என்றாள் சுமையா. யாரோ ஒரு கை ஸ்டாப்வாட்ச் எடுத்து வந்தார்கள். "சார்கிட்டக் குடுங்க, அவருதான் நிபுணர்" என்றார் மெய்யநாதன்.

வாங்கிக்கொண்டேன்.

சாலா கிளம்பினார். நான் சரியாக அமுக்கினேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் வளைவு, இரண்டாவது, அப்புறம் பாம்புபோல வளையும் ஐந்து கோன். கார் நழுவவே இல்லை. அந்தத் தூரத்தில் இருந்துகூட ஹெல்மெட் திரும்புவது தெரிந்தது, ஒவ்வொரு முறையும் அடுத்த கோனைப் பார்த்து. இவர் தோற்றால் அதற்குக் காரணம் என் எழுபதுதான், நான் எழுபத்திரண்டு என்று சொல்லியிருந்தால் இந்தப் பெண் இப்போதே ஜெயித்திருப்பார் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசி வளைவு. நேர் பாதை. வெள்ளைக் கோடு.

அமுக்கினேன். அறுபத்தொன்பது புள்ளி எட்டு.

மெய்யநாதன் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு சூடான பானெட்டின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "அப்பச்சி பாத்திருக்கணும்" என்றார். சாலா ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தார். அழவில்லை.

7

கதையை நான் இங்கேதான் முடித்தேன். தட்டச்சு செய்து, சுமையாவிடம் கொடுத்தேன். தொழில்நுட்பப் பிழை இருந்தால் திருத்துவாள் என்று.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனேன். ஆறாம் பகுதியில் 'அமுக்கினேன்' என்ற சொல்லைச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'கட்டைவிரல் எங்க?'

"முன்டயரு கோட்டைத் தொடல சார். ஒரு வண்டி நீளம் இருந்துச்சு. நான் உங்களுக்குப் பக்கத்துலதான் நின்னேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

ஒரு வண்டி நீளம் என்றால் அந்த வேகத்தில் ஏறக்குறைய கால் வினாடி. சேர்த்தால் எழுபதுக்கு ஒரு மயிரிழை மேலே போகலாம், மயிரிழை கீழேயும் இருக்கலாம். அன்றைக்குச் சாலா ஜெயித்தாரா என்பது உலகத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம், எனக்கு வெட்கமாக இருந்தது.

இப்போது கதைக்கு முடிவு வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நான் கதையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். சாலா ஓட்டுகிறார், மெய்யநாதன் பெருமைப்படுகிறார். (சுமையா என்னிடம் இனி பேசமாட்டாள். என் அலைன்மென்டும் போய்விடும்.)

முடிவு இரண்டு: மெய்யநாதனிடம் நானே போய்ச் சொல்கிறேன். அவர் கார்ச் சாவியை—

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.)

முடிவு மூன்று: கதையைச் சாலாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

கொடுத்தேன். விடுதியின் அலுவலறையில் உட்கார்ந்து முழுவதும் படித்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"என்னையப் பத்தி என்னன்னு நெனச்சீக?" என்றார். "நானே வந்திருக்கமாட்டேன், நீங்கதான் தூக்கிவிடணும்னா?"

"தப்புத்தான்."

"தப்புத்தான்." மேஜை இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். கையெழுத்துப் போட்ட அதே தாள். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, தை பிறந்ததும் ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். அதை இரண்டாகக் கிழித்தார். பிறகு அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தை மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நான் இரண்டாயிரம் சொல் எழுதியிருந்தேன்.



"நீ சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதே" என்றார் மெய்யநாதன்.

"எனக்குத் தெரிஞ்சுருச்சுல்ல. தை மாசம் முதல் ஞாயித்துக்கெழமை. எழுபதுதான். ஒரே சுத்து. வாங்க."

"சரி. வாட்ச்சு அந்தாளு கையில இருக்கக் கூடாது."

"நீங்களும் புடிக்கக் கூடாதுண்ணே. உங்களுக்கு நான் தோக்கணும்னு இருக்கும்."

"எனக்கு நீ ஜெயிக்கணும்னு இருக்கு, ஆத்தா" என்றார் மெய்யநாதன். "அதனாலதான் நான் புடிக்க மாட்டேன்."

சாலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். (அழுதாரா என்று கேட்காதீர்கள். எனக்கு முதுகுதான் தெரிந்தது.)

8

கருவியை நம்பலாமே என்றேன். தை வெயிலும் ஒன்பது மணிக்கு அதே கண்ணில்தான் விழும் என்றாள் சுமையா. அவள் பிடிக்கலாமே என்றேன். தான் சொல்லிக்கொடுத்த ஆள் ஓட்டும்போது தன் விரலையும் நம்ப முடியாது என்றாள். எங்களில் யாரும் ஆகாது.

அதனால் சாலா ஒரு யோசனை சொன்னார். "கதையப் போடுங்க. படிக்கிறவுக யாராச்சும் ஒருத்தர் வந்து அமுக்கட்டும். நம்மளத் தெரியாதவுக."

ஆகவே உங்களை அழைக்கிறேன். காரைக்குடியிலிருந்து மானகிரிப் பக்கம் வந்து நூற்பாலை என்று கேட்டால் வழி சொல்வார்கள். காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள். டயர் நான்கையும் சுமையா பார்த்துவிட்டாள், காற்றும் அளந்தாகிவிட்டது. சாலா இந்த வாரம் தினமும் ஓட்டுகிறார். நேரத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். நேற்று நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ கார்களைப் பார்த்து எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்று ஓடிப் பார்த்ததில்லை. அவர் ஜெயிப்பார் என்றே நான் நினைக்கிறேன், ஆனால் நான் நினைப்பதற்கு இனி மதிப்பில்லை.

வெள்ளைக் கோட்டுக்கு நேராக நில்லுங்கள், சாய்வாக நிற்காதீர்கள். காரின் முகத்தைப் பார்க்காதீர்கள், முன்டயரைப் பாருங்கள். ரப்பர் கோட்டைத் தொடும்போது அமுக்குங்கள், அதற்கு முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. எங்களைத் தெரியாத ஒருவர் வேண்டும் என்றுதான் சாலா கேட்டார். நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அவர் அந்த நான்கு இலக்கத்தை விரலால் தடவியதும், படிவத்தைக் கிழித்ததும் உங்களுக்குத் தெரியும். உங்கள் விரலுக்கும் இப்போது ஓர் ஆசை வந்திருக்கும்.

வேறு ஆள் தேட நேரமில்லை. மெய்யநாதன் புதுப் படிவத்தோடு வந்து நிற்கிறார். சுமையா உங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள், உங்கள் விரலையே பார்த்துக்கொண்டு. கார் கடைசி வளைவைத் தாண்டி நேர் பாதைக்கு வந்துவிட்டது.

இந்தாருங்கள், ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது, பிடியுங்கள்.